நல்முத்தும் அதன் விலையும்
மன்னார் வளைகுடாவில் மதிப்பிட்டவரும் மூழ்கியவரும்

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் முத்து வணிகனின் உவமை இரண்டே வசனங்களில் முடிந்துவிடுகிறது. நல்ல முத்துக்களைத் தேடும் வணிகன் ஒருவன் விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்டு, தனக்குள்ள யாவற்றையும் விற்று அதனை வாங்குகிறான். விளக்கவுரையாளர் பெரும்பாலும் அவன் விற்ற துணிவைப் பற்றியே பேசுவர். சிலர் கண்டடைந்த மகிழ்ச்சியைப் பற்றி எழுதுவர். அவன் அம்முத்து விலையுயர்ந்தது என்பதை எவ்வாறு அறிந்தான் என்று வினவுவோர் அரியர். வரலாற்று மாணவனுக்கு இவ்வினாவே முதன்மையானது. ஒரு முத்தின் மதிப்பை அறிதல் என்பது எத்தகைய கலை? அக்கலையை உடையவர் யாவர்? அது இல்லாதவர் நிலை என்ன? இவற்றிற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கொற்கையும் காயலும் தூத்துக்குடியும், எதிர்க்கரையில் மன்னாரும் அரிப்பும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இத்தொழிலின் நடுவிடமாக இருந்தன. நற்செய்தி நூலின் வணிகன் கையில் ஏந்திய முத்து இக்கடலிலிருந்து சென்றதாகவும் இருந்திருக்கலாம்.

இதனை வெறுங்கற்பனை என ஒதுக்குதல் இயலாது. கிரேக்க மூலத்தில் அவன் 'எம்ப்பொரொஸ்' எனப்படுகிறான். இச்சொல் தெருவில் கடை விரிக்கும் சிறு வியாபாரியைக் குறிப்பதன்று. கடல் கடந்தும் நாடு கடந்தும் சரக்குத் தேடிச் செல்லும் பெருவணிகனைக் குறிப்பது. தோமாவின் பெயரால் வழங்கும், 1945இல் எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட நூலில் இவ்வுவமை சற்று மாறிக் காணப்படுகிறது. அங்கே அவன் வேறு சரக்கு வைத்திருந்த வணிகன்; முத்தைக் கண்டபின் சரக்கை விற்று அந்த ஒன்றை வாங்குகிறான். இயேசு பெருமான் காலத்துக்குச் சற்றுப் பின் வாழ்ந்த ரோம அறிஞர் பிளினி, விலைமிக்க பொருள்கள் அனைத்திலும் முத்துக்கே முதலிடம் தந்து, அதனை மிகுதியாக அனுப்பும் நாடு இந்தியாவே என்கிறார். முத்தின் மதிப்பு அதன் வெண்மை, பருமை, உருட்சி, வழவழப்பு, எடை ஆகிய ஐந்தையும் பொறுத்தது என்பதும், இரண்டு முத்துக்கள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை என்பதால் 'ஒன்றே' எனப் பொருள்படும் பெயரை ரோமர் அதற்கு இட்டனர் என்பதும் அவர் தரும் செய்திகள். உவமையின் 'ஒரு முத்து' என்ற தொடரை இப்பின்னணியில் வைத்துப் படித்தால் அதன் அழுத்தம் புலனாகும்.

பழைய ஏற்பாட்டைப் பற்றி இங்கு ஒரு சொல். நம் தமிழ் வேதாகமத்தில் யோபு, நீதிமொழிகள் ஆகிய நூல்களில் ஞானத்தோடு ஒப்பிடப்படும் முத்து, எபிரெயத்தில் 'பெனீனீம்' என்னும் சொல்லாகும். அதே சொல் புலம்பல் 4:7இல் செந்நிறத்துக்கு உவமையாக வருவதால் அங்கே மொழிபெயர்ப்பாளர் 'பவளம்' என எழுத நேர்ந்தது. முத்து சிவப்பன்று. எனவே, எபிரெய நூல்களில் முத்துக்கு உறுதியான இடம் காண்பது கடினம். புதிய ஏற்பாட்டிலோ ஐயத்துக்கு இடமில்லை. 'மர்கரீட்டெஸ்' என்பது முத்தே.

இனி, முத்து யாது? சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பது நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை. மேலை நாட்டவர் பனித்துளி என்றனர். பிற்காலத்தார் மணல் துகள் ஒன்று உள்ளே புகுந்து உறுத்துவதால் முத்து உண்டாகிறது என்றனர். இது இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. மணலிடையே வாழும் சிப்பி மணலை எளிதில் வெளித்தள்ளிவிடும் என்பதை இவர்கள் எண்ணவில்லை. 1902இல் இலங்கை அரசின் வேண்டுகோளின்படி லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் என்பவரைத் துணையாகக் கொண்டு மன்னார் வளைகுடாவில் ஆய்வு நடத்தி, ஒருவகை நாடாப்புழுவின் இளநிலையே இங்குள்ள நல்முத்துக்களின் கருவாகும் எனக் கருதினார். இன்று அறிஞர் பொதுவாகக் கொள்வது யாதெனில், சிப்பியின் உடலைப் போர்த்தியுள்ள மென்தோலின் உயிரணுக்கள் காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ இடம்பெயர்ந்து தசைக்குள் அகப்பட்டால், அவை அங்கே ஒரு பையாக வளர்ந்து, ஓட்டின் உட்புறத்தை மெழுகும் அதே பளபளப்பான பொருளை அடுக்கடுக்காகச் சுரக்கின்றன என்பதாம். தசைக்குள் தளர்வாக இருப்பது உருண்டையாகும். ஓட்டோடு ஒட்டியது அரைவட்டமாகும். இரண்டு ஒன்றாய் இணைந்தால் இரட்டையாகும். ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தாலும் விலைபோகும் முத்துக்கள் சிலவே கிடைக்கும்.

சிப்பிகள் கடலடியில் எங்கும் பரவிக் கிடப்பதில்லை. மணற்பரப்பின் நடுவே பாறைத் திட்டுக்களில் அவை கூட்டமாக ஒட்டி வாழும். இத்திட்டுக்களைக் கரையோர மக்கள் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரே தொலாயிரம் பார், இலங்கைப் பக்கம் பெரிய பார், சேவல் பார் எனப் பெயர்கள் வழங்கின. ஒரு பாரில் இவ்வாண்டு கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பிகள் இருக்கும்; மறு ஆண்டு ஒன்றும் இராது. நீரோட்டம், மணல் மூடுதல், திருக்கை முதலிய மீன்கள் என இதற்குக் காரணங்கள் பல கூறப்பட்டன. இலங்கைப் பக்கம் 1837க்குப் பின் 1855 வரையிலும், 1891க்குப் பின் 1903 வரையிலும் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. 'சலாபம்' எனத் தமிழில் வழங்கிய இத்தொழில், நம்பி வாழ்வதற்குரிய தொழிலன்று, வந்தபோது வந்தது.

மதிப்பிடும் கலைக்கு வருவோம். கௌடிலியரின் அருத்தசாத்திரம் முத்துக்களை அவை கிடைக்கும் இடங்களால் பகுக்கிறது; அவ்வரிசையில் தாமிரபரணியும் பாண்டிய நாடும் முன்னே நிற்கின்றன. பருத்தும் உருண்டும் தட்டையான அடி இன்றியும் ஒளிர்ந்தும் வெண்மையாயும் கனத்தும் வழவழப்பாயும் தக்க இடத்தில் துளையிடப்பட்டும் இருப்பது நன்முத்து. பயற்றைப் போல் தட்டையானது, முக்கோணமானது, அரைவட்டமானது, இரட்டையானது, சொரசொரப்பானது, புள்ளியுடையது, தவறாகத் துளையிட்டது ஆகியன பழுதுபட்டவை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை வணிகர் வீதியைக் காணும் கோவலன் முன், காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குற்றங்கள் நீங்கிய முத்துக்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அக்காப்பியத்தின் வழக்கே சிலம்பின் உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்ற தீர்ப்பில் முடிகிறது என்பதையும், அந்நாளில் மதிப்பீடு செய்தவனாகிய பொற்கொல்லன் சொல்லை அரசன் ஆராயாது ஏற்றான் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

ஆயினும், இவையெல்லாவற்றினும் நமக்குப் பயன்படுவன தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலத்து வெட்டப்பட்ட கல்வெட்டுக்களே. கோயிலுக்கு அளித்த அணிகலன்களில் கோத்தும் பதித்தும் இருந்த முத்துக்களை அவை எண்ணியும் நிறுத்தும் வகைப்படுத்தியும் கூறுகின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என அப்பெயர்கள் செல்கின்றன. முதல் இரண்டும் உருட்சியின் படிகள். கறடும் சப்பத்தியும் வடிவின் பழுதுகள். கடைசி இரண்டும் ஒளியைப் பற்றியவை. முத்தின் ஒளியை 'நீர்' என்று அழைத்த அக்காலத் தமிழரின் கண்ணை நாம் வியவாதிருக்க இயலாது. எடைக்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி ஆகியன பயன்பட்டன. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. மஞ்சாடி என்பது மரத்தில் காய்க்கும் சிவந்த வித்தே. கோயில் கருவூலத்தில் இவ்வாறு எழுதி வைத்ததன் நோக்கம் பக்தி மட்டுமன்று. ஒரு முத்தும் மாற்றப்படாமல் காப்பதற்கு வகைப்பெயரும் எண்ணும் எடையும் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன.

எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இம்முறையின் எலும்புக்கூடு மாறவில்லை. கொழும்புத் துறைமுக அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1843இல் வெளியிட்ட இலங்கை முத்துக்குளிப்புப் பற்றிய நூலும், பின்னர் ஹார்னெல் முதலியோர் எழுதியனவும் தமிழ் வணிகரின் நடைமுறையை விரிவாகத் தருகின்றன. முதல் வேலை சல்லடை. ஒரே அளவான பத்துப் பித்தளைக் கிண்ணங்கள். ஒன்றின் அடியில் 20 துளைகள், அடுத்ததில் 30, பின் 50, 80, 100, 200, 400, 600, 800, இறுதியில் 1000. கிண்ணம் ஒரே அளவாதலால் துளை எண்ணிக்கை கூடக் கூடத் துளை சிறுக்கும். முத்துக்களை முதற் கிண்ணத்தில் இட்டு அசைத்தால் தங்குவன இருபதாம் எண்ணுக்குரியவை. விழுவன அடுத்ததற்குச் செல்லும். 20 முதல் 80 வரை தங்கியவை 'மேல்' எனவும், 100 முதல் 1000 வரை தங்கியவை 'வடிவு' எனவும், எல்லாவற்றையும் கடந்து விழுந்தவை 'தூள்' எனவும் பெயர் பெற்றன. இந்தத் தூளும் வீணாவதில்லை. மருந்துக்கும் சுண்ணத்துக்கும் சென்றது.

சல்லடை எவர் கையிலும் ஒரே விடை தரும். இரண்டாவது வேலை அத்தகையதன்று. ஒவ்வோர் அளவிலும் உள்ள முத்துக்களை வணிகன் வெள்ளைத் துணியிலோ சிவப்புத் துணியிலோ பரப்பி, விரலால் உருட்டி, கண்ணால் தரம் பிரிப்பான். உருட்சியும் ஒளியும் குறைவற்றது ஆணி. இவ்விரண்டில் ஒன்று சிறிது குறைந்து, ஆணிக்குத் துணையாக வைக்கத்தக்கது அணதாரி. இரண்டும் சிறிது குறைந்தது மாசங்கு. இன்னும் குறைந்ததை ஆங்கில ஏடுகள் 'களிப்பு' என ஒலிக்குமாறு எழுதின. அது நம் 'கழிப்பு', அதாவது கழிக்கப்பட்டது என்பதே போலும். இவற்றுக்குக் கீழே இரட்டையாய் ஒட்டியவை, உருக்குலைந்த பீசல், மடிந்து வளைந்த மடங்கு, மிகச் சிறியனவும் கோணலானவும் ஆகியவை என வகைகள் தொடர்ந்தன. 'ஆணிமுத்து' என்று இன்றும் நாம் பேச்சில் சொல்வது இச்சந்தைச் சொல்லேயாகும். நற்செய்தியின் 'நல்ல முத்துக்கள்' என்பதற்குக் கீழக்கரை வணிகர் ஒருவர் பொருள் கூறியிருந்தால் இச்சொல்லைத்தான் கூறியிருப்பார்.

மூன்றாவது வேலை கணக்கு. சிறந்த வகைகளுக்கு விலை எடையால் மட்டும் கூறப்படவில்லை. 'செவ்வு' என்ற ஓர் அலகால் கூறப்பட்டது. செவ்வு நிறைக்கல்லன்று, தராசில் வைத்துக் காட்ட இயலாத அளவு. ஒரு கூறு முத்தின் மொத்த எடையை மஞ்சாடியில் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் எடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு. காட்டாக, நான்கு முத்துக்கள் சேர்ந்து 4 மஞ்சாடி எடை இருப்பின், நான்கை நான்கால் பெருக்கப் பதினாறு, முக்கால் பன்னிரண்டு, நான்கால் வகுக்க 3 செவ்வு. அதே 4 மஞ்சாடி இரண்டு முத்துக்களாக இருந்தால் 6 செவ்வு. ஒரே முத்தாக இருந்தால் 12 செவ்வு. எடை மாறவில்லை, மதிப்பு நான்கு மடங்காகிறது. பெரிய முத்து அரியது என்ற உண்மையை எம் முன்னோர் ஒரு வாய்பாடாக்கி வைத்திருந்தனர். இரு மடங்கு எடையுள்ள முத்துக்கு நான்கு மடங்கு விலை என்னும் இதே நெறியை ஐரோப்பிய வணிகரும் பின்பற்றினர். எல்லாவற்றையும் விற்று ஒன்றை வாங்கிய உவமை வணிகன் மதிமயங்கியவன் அல்லன் என்பது இதனால் விளங்கும். பல சிறு முத்துக்களை ஒரு பெருமுத்துக்கு மாற்றுதல் அத்தொழிலின் உள்ளறிவோடு பொருந்திய செயலே. முழுவதையும் ஒன்றில் வைத்ததில்தான் அவன் தன் தொழிலின் வழக்கை மீறினான்.

இவ்வளவும் வணிகன் பக்கம். கடலில் மூழ்கியவன் இவற்றுள் எதனை அறிந்தான்?

முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில், இரு பருவக்காற்றுக்களுக்கு இடையே கடல் அமைந்திருக்கும்போது நடைபெறும். நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் தோணிகள் புறப்பட்டு விடியலில் பாரை அடையும். மூழ்குபவன் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் வைத்து, ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் மூக்கையும் பற்றி, ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்துக்கு இறங்குவான். கல் உடனே மேலே இழுக்கப்படும். அவன் கைக்கெட்டிய சிப்பிகளைக் கழுத்திலோ இடையிலோ உள்ள வலைக்கூடையில் வாரிப்போட்டு, கயிற்றை அசைப்பான், தோணியிலிருப்பவன் தூக்குவான். இவையெல்லாம் ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக முடிய வேண்டும். ஒரு கல்லுக்கு இருவர் மாறி மாறி இறங்குவர். நண்பகல் வரை இது நடக்கும். மூக்கிலும் காதிலும் குருதி வடிய மேலே வந்தவர்களைக் கண்டோர் எழுதியுள்ளனர். சுறாவுக்கு அஞ்சி, 'கடல்கட்டி' எனப்பட்ட மந்திரக்காரர் கரையில் நிற்காவிடில் இறங்க மறுப்பர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒன்றும் இம்மந்திரக்காரருக்கு இருபதில் ஒன்றும் சென்றதாகக் கூறுகிறார். அதற்கும் ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆண்டுகள் முன்னர் 'செங்கடல் வழிப்பயண நூல்' எழுதிய கிரேக்க மாலுமி, கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறார். திருவெளிப்பாடு 18ஆம் அதிகாரத்தில் பாபிலோன் வணிகரின் சரக்குப் பட்டியல் பொன், வெள்ளி, இரத்தினம், முத்து எனத் தொடங்கி மனிதருடைய உடல்களிலும் ஆத்துமாக்களிலும் முடிவதை நாம் அறிவோம். அப்பட்டியலின் முதலும் முடிவும் ஒரே தோணியில் இருந்த காலம் அது.

ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில் மூழ்குவோர் அடிமைகள் அல்லர், பங்குதாரர். கரைக்கு வந்த சிப்பிகள் மூன்று கூறாக்கப்பட்டு, இரண்டு அரசுக்கும் ஒன்று மூழ்கியவருக்கும் சென்றன. பழங்காலத்தோடு ஒப்பிட இது நன்றே. ஆயினும், அப்பங்கு முத்தாக அன்று, திறவாத சிப்பியாகவே கொடுக்கப்பட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். அரசு தன் கூற்றை அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலமிடும். ஏலம் எடுப்போர் குருட்டுத்தனமாக எடுத்தனர் என்று கருதுதல் தவறு. குளிப்புக்கு முன்னர் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகள் எடுத்து அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களைத் தேர்ந்த மதிப்பீட்டாளர் மேற்சொன்ன சல்லடையாலும் வகையாலும் செவ்வாலும் கணக்கிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை பெறும் என அரசு வெளியிடும். அதனைப் படித்து, ஐயமிருப்பின் தாமும் ஒரு மூட்டை வாங்கிச் சோதித்து, செட்டியாரும் மரைக்காயரும் பம்பாய் வணிகரும் விலை கேட்டனர். வாங்கியவர் அடைப்பிட்ட 'கோட்டு'களில் சிப்பிகளைக் குவித்து, ஈயும் புழுவும் தசையைத் தின்ன ஒரு வாரத்துக்கு மேல் விட்டு, பின் தொட்டிகளில் கழுவி, வண்டலை அரித்து முத்தெடுத்தனர். அம்முகாம்களின் முடைநாற்றமும், அடிக்கடி எழுந்த வாந்திபேதியும் பயணிகள் எவரும் குறிக்காமல் விடாதவை.

குளியாளுக்குக் காத்திருக்க வாரமில்லை, கோட்டும் இல்லை. மறுநாள் சோற்றுக்கு அன்றே காசு வேண்டும். எனவே, முகாமின் தெருவில் சிறு வியாபாரிகளுக்குச் சில சிப்பிகளாகவே தன் பங்கை விற்றுச் சென்றான். அவன் விற்ற சிப்பியில் ஆணிமுத்து இருந்தாலும் அதனைக் கண்டவன் வேறொருவன். பிறர் காணாதவாறு சிப்பியைத் திறந்து முத்தை வாயில் ஒளிக்கும் திருட்டைத் தடுக்க அதிகாரிகள் கடுங்காவல் வைத்ததைப் பல நூல்கள் சினத்தோடு பேசுகின்றன. எம் கருத்தில் அது திருட்டு என்பதோடு, தன் கையில் வந்ததன் மதிப்பைத் தானே ஒரு முறை காண விரும்பிய மனிதனின் செயலுமாகும்.

தமிழகத் திருச்சபை வரலாறு இச்சிப்பியோடு பிணைந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பின் குத்தகையும் ஆதிக்கமும் குறித்துப் பரதவருக்கும் முசுலிம் வணிகருக்கும் இடையே கடும் பூசல் நிலவியது. சோவாவ் ட குரூஸ் என்ற குதிரை வணிகரின் அறிவுரைப்படி பரதவர் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பை வேண்டினர். 1535 முதல் 1537 வரை கரையூர்கள் திருமுழுக்குப் பெற்றன. 1538இல் வேதாளையில் போர்த்துகீசியர் பெற்ற வெற்றி அப்பாதுகாப்பை உறுதியாக்கியது. பிரான்சிஸ் சேவியர் 1542இல் வந்து கண்டது, பெயரளவில் கிறிஸ்தவராயிருந்த ஒரு மக்கள் கூட்டத்தை. முத்துக்காகவே மதம் மாறினர் என்று இதனைச் சுருக்கிக் கூறுவோர் உளர். அக்கூற்று பின்னர் நடந்ததை விளக்காது. 1658இல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒல்லாந்தர் வசமாயின. முத்துக்குளிப்பு முழுவதும் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஆட்சியின் கையில் இருந்தது. அச்சபையின் குரு பிலிப்பு பால்தேயு அதே ஆண்டு தூத்துக்குடிக்கு வந்து பரதவரைத் தம் சபைக்கு அழைத்தார், அவர்கள் இசையவில்லை. ஆதாயமே நோக்கமாயிருந்தால் அன்றே மாறியிருப்பர். பாதுகாப்புக்காகப் பெற்ற சமயத்தைப் பாதுகாப்பு போனபின்னும் அவர்கள் விடவில்லை. சீர்திருத்த மரபில் நிற்கும் நாம் இச்செய்தியைத் தயக்கமின்றி எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

ஒல்லாந்தர் காலத்து வரி முறையும் கருதத்தக்கது. தோணிக்கோ ஆளுக்கோ அன்றி மூழ்கும் 'கல்'லுக்கே வரி விதிக்கப்பட்டது. மதுரை நாயக்கர், சேதுபதி, பட்டங்கட்டிகள் ஆகியோருக்கு வரியில்லாக் கற்கள் சில உண்டு. எஞ்சியோர் கல்லுக்கு இவ்வளவு எனச் செலுத்த வேண்டும். இவ்வாறு ஒரே கல் ஒருவனைக் கடலடிக்குக் கொண்டுசெல்லும் கருவியாகவும், மற்றொருவனுக்கு உரிமைப் பத்திரமாகவும் விளங்கிற்று.

இத்தொழிலின் உச்சமும் வீழ்ச்சியும் அடுத்தடுத்து வந்தன. 1905இல் மரிச்சுக்கட்டி முகாமில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, இலங்கை அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. மறு ஆண்டே அரசு ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு இருபதாண்டுக் குத்தகையாகப் பார்களை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. 1907க்குப் பின் சிப்பிகள் இல்லை. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. சப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் அரைமுத்தை வளர்த்துக் காட்டியிருந்தார்; வட்டமான வளர்ப்பு முத்துக்கள் 1920களில் இலண்டனையும் பாரிசையும் அடைந்தபோது, கண்ணால் மட்டும் தரம் கண்ட வணிகரின் கலை முதன்முறையாகத் தடுமாறியது. வெளித்தோற்றத்தில் ஆணியே, உள்ளேயோ மனிதன் வைத்த ஓட்டு மணி. 1917இல் நியூயார்க்கில் கார்த்தியே நிறுவனம் 10 லட்சம் டாலர் மதிப்பிட்ட ஈரடுக்கு முத்துமாலையைக் கொடுத்து ஒரு மாளிகையை மாற்றிக்கொண்டது. அம்மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலருக்கே போயிற்று. மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது.

இப்போது இயற்கை முத்தை வளர்ப்பு முத்தினின்று பிரிப்பது ஊடுகதிர்ப் படம். ஆய்வுக்கூடச் சான்று இன்றி விலை பேசுவோர் இல்லை. சல்லடையும் செவ்வும் செய்த வேலைக்கு முன்னே இன்று இவ்வொரு கேள்வி வந்து நிற்கிறது. அச்சான்று பெற்றவற்றின் விலை மீண்டும் ஏறியுள்ளது. பரோடா அரச குடும்பத்துக்குரியதாயிருந்த ஈரடுக்கு மாலை 2007இல் 70 லட்சம் டாலருக்கு மேல் விற்கப்பட்டது.

தூத்துக்குடியில் கடைசித் தொடராக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் பார்களில் குளிப்புக்குப் போதிய சிப்பி சேரவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், அழகர்சாமி என்னும் அறிஞர் தலைமையில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வட்டமான வளர்ப்பு முத்துக்களை உருவாக்கினர். பார்களை அறிந்த குளியாள்களின் மக்களோ அதே கரையில் சங்குக் குளிப்பைத் தொடர்ந்தனர். சங்கிற்கும் அளவு பார்த்துத் தரம் பிரிப்பர். ஆனால் அது திறந்த பொருள். எடுத்தவனும் அதனைக் கையில் ஏந்திப் பார்க்கலாம்.